இலந்தைக்கட்டு எவடம்?

1

இலந்தைக்கட்டு என்று ஓர் ஊர் இல்லை. இலங்கை வரைபடத்தில் இல்லை. கிராம அலுவலரான விதானையாரின் பட்டியலில் இல்லை. அங்கே தபால் கந்தோர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சங்கக்கடை இல்லை, பஸ் நிற்காது. யாழ்ப்பாணத்தில் சிற்பிட்டிக்கும் ஆலங்கலட்டிக்கும் நடுவே, சிற்பிட்டிப் பள்ளிக்கூடத்தின் பின்மதிலில் இருந்து கிழக்கே ஒரு வெட்டை. மரம் மட்டை இல்லாத வெறும் நிலம். அதைக் கடந்தால் இருபத்துமூன்று வீடுகள். அதுதான் இலந்தைக்கட்டு. நான் பிறந்தது அங்கே.

ஒஸ்லோவில் சிற்பிட்டிக்காரருக்கு ஓர் ஒன்றியம் இருக்கிறது. இந்த வருடம் அவர்கள் இருபதாவது ஆண்டு மலர் போடுகிறார்கள். அதில் ஊரின் வட்டாரங்களைப் பற்றி ஒரு பகுதி. “சிற்பிட்டி கிழக்கு” பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சிற்பிட்டி கிழக்கு என்று அவர்கள் இப்போது சொல்வது எங்களைத்தான். எழுதிக் கொடுத்தேன். நாலு நாளில் திருப்பித் தந்தார்கள். மலருக்குச் சரிவராதாம், குடும்ப விசயங்கள் வேண்டாமாம். நான் குடும்ப விசயம் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன்.

இலங்கையில் இருக்கிற நீங்கள் வாசிப்பதற்காக இப்போது இங்கே எழுதுகிறேன். குடும்ப விசயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

முதலில் நிலம். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல். அலவாங்கு போட்டால் நெருப்புப் பறக்கும். சிற்பிட்டியில் செம்மண், வெங்காயமும் புகையிலையும் வரும். ஆலங்கலட்டியிலும் பரவாயில்லை. நடுவில் இருக்கிற எங்கள் துண்டில் இலந்தைப் பற்றையும் நாகதாளியும்தான் தானாக வரும். யாருக்கும் உதவாத நிலம் என்றபடியால்தான் அது எங்களுக்குக் கிடைத்தது.

எங்கள் ஆட்கள் முன்பு சிற்பிட்டித் தோட்டக் காணிகளின் ஓரங்களில் கொட்டில் போட்டு இருந்தார்கள். காணிக்காரரின் தோட்டத்தில் வேலை, காணிக்காரரின் நிலத்தில் குடியிருப்பு. ஒருமுறை கூலி விசயத்தில் வாய்த்தர்க்கம் வந்தது. அடுத்த நாள் காலை எட்டுக் குடும்பங்களை எழுப்பி வெட்டைக்கு அப்பால் போகச் சொன்னார்கள். போனார்கள். அய்யாவுக்கு அப்போது நடக்கத் தெரியாதாம். எங்கள் ஊரின் தொடக்கம் அவ்வளவுதான். எந்த அரசனும் வரவில்லை, எந்தத் தெய்வமும் கனவில் தோன்றவில்லை. மலர்களில் மற்ற ஊர்க்காரர் அப்படி எழுதுகிறார்கள். எனக்குப் பொய் எழுத வராது.

பிறகு கிணறு. எங்களுக்குக் கிணறு இல்லாத காலத்தில் பெண்கள் குடத்தோடு சிற்பிட்டிக் கிணற்றடிக்குப் போய்த் தள்ளி நிற்பார்கள். துலாவிலோ கயிற்றிலோ தொடக்கூடாது. யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்ற வேண்டும். சில நாட்களில் மத்தியானம்வரை யாருக்கும் மனம் வராது. இந்தக் கதை அம்மா சொன்னது. அம்மா அழுது சொல்லவில்லை, வெய்யிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னா. எட்டுக் குடும்பமும் சேர்ந்து கல்லை உடைத்துக் கிணறு வெட்ட இரண்டு மாரி போனது. தண்ணீர் கோடையில் சவர்க்கும். ஆனால் கயிறு எங்களுடையது.

விதானையார் பிரிவுகளைப் பிரித்தபோது எங்கள் ஒழுங்கையின் நடுவால் கோடு போட்டார்கள். பன்னிரண்டு வீடுகள் சிற்பிட்டிப் பிரிவு, பதினொரு வீடுகள் ஆலங்கலட்டிப் பிரிவு. ஒழுங்கையின் இந்தப் பக்கத்துப் பிள்ளை சிற்பிட்டியில் பிறந்ததாகப் பதிவு. எதிர் வீட்டுப் பிள்ளை ஆலங்கலட்டியில் பிறந்ததாகப் பதிவு. இலந்தைக்கட்டில் ஒருவரும் பிறக்கவில்லை.

கோயில் பற்றி எழுதத் தேவையில்லை. சிற்பிட்டிக் கோயிலில் நாங்கள் எங்கே நின்று கும்பிட்டோம் என்பது வாசிக்கிற உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும்.

தொண்ணூறில் சண்டை வர எல்லோரும் எழும்பி ஓடினார்கள். பிறகு இராணுவம் வேலி போட்டது. சமாதான காலத்தில், 2003 ஆடியில், நான் போனேன். பள்ளிக்கூட மதில்வரை விட்டார்கள். வெட்டை முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தது. அதற்கப்பால் பற்றை மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு அங்கே போய் வாழும் ஆசை கிடையாது. எழுதுவது அதற்காக இல்லை.

3

நான் நோர்வேக்கு வந்தது 88இல். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பொலிஸ் பெண் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் தமிழ் ஆள்தான், கழுத்துப்பட்டி கட்டிய யாழ்ப்பாணத்தார். எங்கே பிறந்தாய் என்று அதிகாரி கேட்டா. இலந்தைக்கட்டு என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“அது எவடம், தங்கச்சி?”

“சிற்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை.”

“வெட்டைக்கு அங்காலையோ?”

“ஓம்.”

“ஓ,” என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அதுவரை “நீங்கள்” என்று கதைத்தவர் அதற்குப் பிறகு “நீ” என்றார். அதிகாரி என்னவென்று கேட்க, ஒரே ஒரு சொல் சொன்னார்: சிற்பிட்டி. காகிதத்தில் அதுதான் ஏறியது.

மொழி தெரியாத நாட்டில், உயிர் தப்பி வந்து நாலாம் நாள், முதல் விசாரணை அதுதான். அதிகாரி கேட்டது பிறகு.

வெளிநாட்டில் இருக்காதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே யாரும் யாரையும் “நீங்கள் என்ன ஆக்கள்” என்று கேட்பதில்லை. எல்லோரும் படித்த சனம். “ஊர் எது?” என்பார்கள். ஊரைச் சொன்னால் “ஊரிலை எவடம்?” என்பார்கள். கோயிலடியோ, சந்தியடியோ, பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலையோ அங்காலையோ. இரண்டு கேள்வியில் ஆள் பிடிபட்டுவிடும். பல்லு வைத்தியரிடம் காத்திருக்கும்போது கேட்பார்கள். ஒஸ்லோவில் எங்கள் கடைகள் இருக்கிற குறொன்லாண்டில் முருங்கைக்காய் தெரிந்தெடுக்கும்போது கேட்பார்கள்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பிறந்த இடத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பெயர் உள்ள ஏதாவது ஒரு காகிதம் இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். வரைபடம்? இல்லை. தோளைக் குலுக்கினாள். என் நோர்வே கடவுச்சீட்டிலும் சிற்பிட்டிதான்.

நான் வேலை செய்வது ஒரு மருத்துவமனைச் சமையலறையில். கூட வேலை செய்கிற பெரித் வடக்கில் ஒரு கடலோரத்தில் பிறந்தவள். அவள் இடத்தில் எட்டு வீடுகள். கடை இல்லை, பாடசாலை இல்லை. ஆனால் தெருவில் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தப் பெயரை அவள் எல்லோருக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். யாரும் அவளை எவடம் என்று திருப்பிக் கேட்டதை நான் பார்க்கவில்லை.

4

எனக்கு ஒரு தம்பி. ரொம்மனில் இருக்கிறான், நான் அம்மருட்டில், இரண்டும் ஒஸ்லோவுக்குள்தான். எனக்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து வந்தான். வந்த அன்றிலிருந்து அவன் சிற்பிட்டி. சும்மா வாயால் சொல்வதோடு நிற்கவில்லை, ஒன்றியத்தில் சேர்ந்தான், விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டினான், இப்போது செயலாளர். அவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஓடியாடி வேலை செய்ய ஆள் வேண்டும், ஆனபடியால் தெரியாததுபோல இருந்தார்கள். தலைவர் ஆக்கமாட்டார்கள்.

நான் ஒன்றியத்துக்குப் போவதில்லை. அதற்காக அவனோடு பதினைந்து வருடம் சண்டை பிடித்திருக்கிறேன். என் மகன் பேர்கனில் படிக்கிறான். அவனை யாராவது கேட்டால் “ஸ்ரீலங்கா” என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டுப் போட்டுக்கொள்வான். தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் வரும். அவனுக்குச் சிற்பிட்டியும் ஒன்று, இலந்தைக்கட்டும் ஒன்று.

தம்பியின் மகள் அப்படி இல்லை. நிலானி. இருபத்தைந்து வயது, தாதியாக வேலை. தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் வகுப்புவரை படித்தவள். “எங்கள் ஊர் சிற்பிட்டி” என்று மேடையில் ஏறிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது தம்பி. நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

5

இந்தப் பங்குனியில் நிலானிக்குக் கலியாணப் பேச்சு வந்தது. பெடியன் அஜந்தன், கணினிப் பொறியியல். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கம், அதனால் பேச்சு சுலபம் என்றான் தம்பி. தாயும் தகப்பனும் ஒரு ஞாயிறு மத்தியானம் ரொம்மனுக்கு வருவதாக ஏற்பாடு. அவர்கள் ஆலங்கலட்டி.

காலையில் தம்பி போன் எடுத்தான்.

“அக்கா, அவை கேட்டால் சிற்பிட்டி எண்டு சொல்லு. அதுக்கு மேலை ஒண்டும் கதையாதை.”

“ஆலங்கலட்டி ஆக்களுக்குத் தெரியாதோடா?”

“அவை கொழும்பிலை வளந்தவை. தெரியாது. உனக்கு ஏலாதெண்டால் வராதை.”

அந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு ஏறியது. போனேன்.

வடை, றோல்ஸ், கேக் எல்லாம் மேசையில். நிலானி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். பெடியனின் தாய் நல்ல மரியாதையான மனுசி. றோல்ஸ் நல்லாயிருக்கு என்றா. ஒஸ்லோவில் வெங்காயம் என்ன விலை என்றா. பிறகு,

“அண்ணை, நீங்கள் சிற்பிட்டியிலை எவடம்?”

“கிழக்கு,” என்றான் தம்பி.

“கிழக்கெண்டால்? பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலையோ?”

“அதுக்குக் கிட்ட.”

தம்பியின் முகத்தில் வேர்வை. ஐம்பது வயது மனிதன், தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கதிரையில் இருந்து வேர்க்கிறான். அந்த மனுசி சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

“அக்கா, நீங்கள் சொல்லுங்கோவன். எனக்குச் சிற்பிட்டியிலை கன பேரைத் தெரியும்.”

“பள்ளிக்கூடத்துக்கு அங்காலை,” என்றேன். “வெட்டை கழிய. இலந்தைக்கட்டு. உங்கடை ஆக்களின்ரை தோட்டத்திலைதான் எங்கடை அய்யா வெங்காயம் கிண்டினவர்.”

அந்த மனுசி “ஓ, அப்பிடியோ” என்றா. கையில் இருந்த றோல்ஸின் மிச்சத்தைத் தட்டில் வைத்தா. தகப்பன் நேரத்தைப் பார்த்தார். ரீ-பானே ரயில் ஞாயிற்றுக்கிழமையில் குறைவு என்றார். அவர்கள் காரில் வந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் தம்பிக்குப் போன் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். சாதகத்தை அவர்கள் கேட்கவே இல்லை. நாங்கள் கொடுக்கவும் இல்லை.

6

அன்று பின்னேரம் தம்பி என் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“உனக்கு இப்ப சந்தோசமோ?”

“நான் பொய் சொல்லேல்லை.”

“பொய்யோ மெய்யோ, ஆர் கேட்டது? வாயை வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருக்க ஏலாதே உனக்கு?”

“எத்தினை வருசத்துக்கடா ஒளிப்பாய்? கலியாணத்துக்குப் பிறகு தெரிய வந்தால்?”

“அப்ப அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும். வந்து கிழிக்கட்டும் எண்டு இருந்தனான்.” அவன் சுவரில் சாய்ந்தான். “நீ பெரிய உண்மைக்காரி. உன்ரை மகனை ஆரும் எவடம் எண்டு கேக்கப்போறதில்லை, அவன் வெள்ளைக்காரியோடை போவான். என்ரை பிள்ளை தமிழ்ச் சனத்துக்குள்ளை வாழ வேணுமெண்டு ஆசைப்பட்டவள். அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட நான் பதினைஞ்சு வருசம் கொடி கட்டினனான், அக்கா. கதிரை அடுக்கினனான். நீ ஒரு வசனத்திலை சாத்திப்போட்டாய்.”

நான் அவனைக் கோழை என்றேன். விசரன் என்றேன். கிணற்றுக் கதையை அம்மா எங்கள் இரண்டு பேருக்கும்தானே சொன்னா என்று கேட்டேன்.

“ஓம்,” என்றான். “அதைக் கேட்டபடியாத்தான்.”

போய்விட்டான். நிலத்தில் பனிச்சேறு. துடைத்தேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. இன்றைக்கும் அடங்கவில்லை. ஆனால் அவன் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

7

இரண்டு கிழமை கழித்து நிலானி வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, நீங்கள்தான் மாமி துணிச்சல்காரி என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். மடைத்தனம்.

“மாமி, இலந்தைக்கட்டு எண்டால் என்ன?”

சொன்னேன். மேலே இரண்டாம் பகுதியில் எழுதியதை எல்லாம் சொன்னேன். முடிந்ததும்,

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?” என்றாள்.

“கொப்பரைக் கேள்.”

“அப்பாட்டைக் கேட்டிட்டன். அவர் பயத்திலை சொல்லேல்லை. உங்களுக்குப் பயம் இல்லையே. நீங்கள் ஏன் சொல்லேல்லை?”

“கொப்பன்ரை வீட்டு விசயம் எண்டு...”

“நான் மேடையிலை சிற்பிட்டி சிற்பிட்டி எண்டு பேசேக்கை நீங்கள் கைதட்டினீங்கள். எனக்கு இருபத்தைஞ்சு வயசு. எத்தினை நாள் உங்கடை வீட்டிலை சாப்பிட்டிருப்பன். ஒருநாளும் சொல்லேல்லை. அந்த மனுசிக்கு முதல் சொன்னீங்கள். எனக்கு முதல் அவவுக்கு.”

பதினைந்து வருடமாகத் தம்பியைப் பொய்க்காரன் என்று ஏசியவள் நான். அவன் மகளுக்கு நானும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன், வாயைத் திறக்காமல். உண்மையை எடுத்து வெளியே எறிந்தது அவளுக்காக இல்லை. தம்பி “வராதை” என்றதற்காக.

“பிழைதான்,” என்றேன்.

“ஓம், பிழை,” என்றாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அஜந்தனைப் பற்றிச் சொன்னாள். பேச்சு முறிந்த பிறகு இரண்டு தரம் குறொன்லாண்டில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தார்களாம். அம்மாவோடு கதைக்கிறேன் என்றானாம். மூன்றாம் தரம் வேலை கூடிவிட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பினானாம்.

“ஞாயிற்றுக்கிழமை நான் அவையின்ரை வீட்டை போறன். நீங்களும் வாங்கோ. ஆனால் நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைச்சால் நான் எழும்பி வந்திடுவன்.”

“கொப்பருக்குச் சொன்னியோ?”

“சொன்னனான். போகாதை எண்டு அழுதவர்.”

8

அவர்கள் வீடு நாலாம் மாடி. தாய் கதவைத் திறந்தா. எங்களைக் கண்டதும் முகம் மாறியது, ஆனால் “வாங்கோ, வாங்கோ” என்றா. பழக்கம். தகப்பன் வெளியே போயிருந்தார். அஜந்தன் இருப்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். நிலானியைக் கண்டு எழும்பினான், பிறகு திரும்பவும் இருந்தான்.

நிலானி உட்காரவில்லை.

“அன்ரி, சாதகம் பொருந்தேல்லை எண்டு சொன்னீங்களாம். எங்கடை வீட்டிலை சாதகமே எழுதேல்லை. என்ன காரணமெண்டு என்னட்டையே சொல்லுங்கோ. அதுக்குத்தான் வந்தனான்.”

“அது பிள்ளை, பெரியாக்கள் கதைக்கிற விசயம்...”

“நான் இலந்தைக்கட்டு. அதுவோ?”

அந்த மனுசி என்னைப் பார்த்தா. உதவிக்குப் பார்ப்பதுபோல இருந்தது. நான் வாக்குக் கொடுத்திருந்தேன், சுவரைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றுதான்.

“எனக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை,” என்றா கடைசியில். குரல் மெதுவாக இருந்தது. “என்ரை தமக்கை, தமையன், கனடாவிலை இருக்கிறவை எல்லாரும் இருக்கினம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவை வரமாட்டினம். நான் என்ன செய்ய?”

பாருங்கள், ஊரில் யாரும் இல்லை. கிணறு தூர்ந்து போயிருக்கும். தோட்டம் இராணுவத்திடம். அந்த மனுசி அங்கே வளரவும் இல்லை. ஆனாலும் அந்த வெட்டை அந்த இருப்பறையில் அளவு குறையாமல் கிடந்தது.

நிலானி அஜந்தனிடம் திரும்பினாள். “நீ?”

அவன் தாயைப் பார்த்தான். நோர்வேஜிய மொழியில், இது கொஞ்சம் சிக்கலானது, நேரம் வேண்டும் என்று சொன்னான்.

“தமிழிலை சொல்லு.”

அவன் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினான். நிலானி “ஃபேர்டிக்” என்றாள். இங்கே வேலை முடிந்தால் சொல்கிற சொல், முடிந்தது என்று. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியால் இறங்கினாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. நான் முழங்கால் நோவோடு பின்னால் இறங்கினேன்.

9

இரண்டு மாதமாகிறது. தம்பி ஒன்றியத்தில் செயலாளராகத்தான் இருக்கிறான். என்னோடு கதைப்பதில்லை. இந்தக் குறிப்பில் தன் பெயர் வரக்கூடாது என்று நிலானியிடம் சொல்லி அனுப்பினான், போடவில்லை. நிலானி தன் பெயரைப் போடச் சொன்னாள். அஜந்தன் என்பது அந்தப் பெடியனின் உண்மைப் பெயர் அல்ல, அதுவும் அவள் சொன்னபடிதான்.

அவள் கிழமைக்கு ஒருமுறை வருகிறாள். முன்னைப்போலக் கலகலப்பு இல்லை. சாப்பிடுகிறாள், போகிறாள். என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை.

நேற்று இந்தக் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளைக் கேட்காமல் இனி ஒன்றையும் வெளியே விடுவதில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டாள். வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்டுச் சரிபார்த்தாள். தகப்பன் அழுத இடத்தில் வெட்டட்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றாள்.

“எல்லாம் சரி, மாமி. ஒண்டை விட்டிட்டியள்.”

“என்ன?”

“பழக்கம், பேச்சு, பெடியன் எண்டுதான் எழுதியிருக்கிறியள். கிணத்துக்கு ஒரு பக்கம் எழுதினீங்கள். எனக்கு அவனிலை விருப்பம் எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லை. நாலு வருசம், மாமி. அதையும் எழுதுங்கோ.”

எழுதுகிறேன். அவளுக்கு அவனில் விருப்பம். நாலு வருடமாக.